காகம் வரும்வரை

அத்தியாயம் ஒன்பது

"காகம் சோத்தைத் திண்டா அப்பப்பாவுக்கு எப்பிடி அப்பா வயிறு நிரம்பும்?"

தர்சிகா ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. அன்றும் ஆடி அமாவாசை. கீரிமலையில் முழுகி, தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்த நமசிவாயம், சண்டிலிப்பாய் வீட்டின் கோடிப்புறத்தில் வாழையிலைத் துண்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். மகளை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. ஆனா அது வந்து சாப்பிட்டாத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தகப்பன் கிடைப்பது பெரிய பேறு. அந்தப் பேறு கிடைத்த பிள்ளை கேள்வியை நிறுத்தவே இல்லை. புகையிலைக் கன்றுக்கு நித்திரை வருமா, ஓணானுக்கு ஏன் தலை ஆடுகிறது என்று கேட்டுக் கேட்டே மருத்துவபீடம் வரைக்கும் போய்விட்டாள்.

போன இடத்தில்தான் கேள்விகள் நின்றுபோயின.

ஐந்து கிழமைக்கு முன், உடற்கூற்று மண்டபத்தின் முதல் நாளிலேயே தர்சிகா மயங்கி விழுந்தாள். பக்கத்தில் நின்ற றொசாந்தி அவளைத் தாங்கிப் பிடித்து, "சேர், இவ இண்டைக்கு விரதம், காலமை சாப்பிடேல்லை" என்று விரிவுரையாளரிடம் சொல்லி மானத்தைக் காப்பாற்றினாள். அன்று செவ்வாய்க்கிழமை. விரதம் ஒன்றும் இல்லை. இனி ஒரு வருடத்துக்குப் பக்கத்து மேசையில் நிற்பவள் என்று மட்டும் அறிமுகமாகியிருந்த குருநகர்ப் பெண், முதல் உதவியாகச் சொன்ன பொய் அது.

அன்றுமுதல் தர்சிகா நாலாம் மேசையின் கால்மாட்டில் நின்றாள். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவர் வழிகாட்டிப் புத்தகத்தை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் வெட்டிப் பார்க்க வேண்டும். வாசிக்கும் வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். முகத்துக்கு நேரே புத்தகம் இருந்தால் மேசையில் கிடப்பவர் தெரியமாட்டார். ஐந்து கிழமையாக அவள் அவரைத் தொட்டதே இல்லை.

வருகிற திங்கட்கிழமை வாய்மொழிப் பரீட்சை. அங்கே புத்தகம் இல்லை. அவரவர் கையால் தொட்டுக் காட்ட வேண்டும்.

"எனக்கு ஏலாது அப்பா. நான் விடப்போறன்" என்று போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டாள். நமசிவாயம் மறுத்துப் பேசவில்லை. பீடாதிபதிக்கு மூன்று வரியில் கடிதம் எழுதி, சாமியறைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

"அமாவாசை கழியட்டும் பிள்ளை. பேந்து கொண்டுபோய்க் குடுப்பம்."

இன்று அந்த அமாவாசை.

*

விடிகாலையிலேயே நமசிவாயம் கீரிமலைக்குப் புறப்பட்டுவிட்டார். குசினியில் தாய் குணலட்சுமி தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளகில் காத்தோட்டிக்காய் கிடந்தது. வருடத்தில் இந்த ஒரு நாளுக்கென்றே சந்தைக்கு வருகிற கசப்புக் காய். இது இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஆடி அமாவாசைப் படையல் இல்லை.

தர்சிகா வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். குசினிக்குள் போகவில்லை. ஐந்து கிழமையாக அப்படித்தான். பிணம் கிடக்கும் இடத்துக்குப் போய் வந்தால் தீட்டு, துடக்கு என்பது குணலட்சுமியின் எண்ணம். பின்னேரம் மகள் வந்ததும் நேரே கிணற்றடி. அங்கே வாளி, மாற்றுடுப்பு, ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர். முழுகிய பிறகுதான் வீடு. யார் சொல்லியும் செய்ததல்ல. யாரிடம் கேட்பது என்றும் குணலட்சுமிக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. ஊர்பேர் தெரியாத ஒருவர் வருடம் முழுக்க மேசையில் கிடந்தால் எத்தனை நாள்?

"இண்டைக்கு மட்டும் போகாமல் விடன் பிள்ளை."

"வரவு எடுப்பினம் அம்மா."

"அதுதான் விடப்போறியே. பிறகென்ன வரவு?"

குணலட்சுமி தேத்தண்ணிக் கோப்பையை வாசற்படியில் வைத்தாள்.

"காகத்துக்கு வைக்க முன்னம் இந்த அடுப்பிலை வேறை ஒண்டும் சமைக்கேலாது. மத்தியானம் கன்ரீனிலை என்னத்தையும் வாங்கிச் சாப்பிடு."

"பசி இல்லை."

"உனக்கு எப்பத்தான் பசிச்சது, அந்த இடத்துக்குப் போகத் தொடங்கின நாளிலையிருந்து?" என்று சொல்லிவிட்டுத் தாய் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புகைக்கா, வேறு எதற்கா என்று மகள் நின்று பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

*

"உதென்னடி, புத்தகத்துக்குக் கறி வைச்சனீயே?"

மத்தியான இடைவேளையில் றொசாந்தி வழிகாட்டிப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள். அட்டை முழுவதும் மஞ்சள் புள்ளிகள்.

"அம்மா தெளிச்சது. பையைத் திறந்து எல்லாத்துக்கும் தெளிச்சிருக்கிறா."

"உது நூல்நிலையப் புத்தகம் எண்டு மனிசிக்குத் தெரியுமோ?"

"சொன்னனான். அப்ப கட்டாயம் தெளிக்கோணுமாம். எத்தினை பேர் தொட்டதோ எண்டு சொல்லுறா."

றொசாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தர்சிகாவும் சிரித்தாள். இந்த ஐந்து கிழமையில் அது அபூர்வம். இருவரும் வாசல் பக்கமாக நடந்தபோது காவலாளியின் குரல் கேட்டது.

"அம்மா, உள்ளை விடேலாது. ஆரைப் பாக்க எண்டும் சொல்லுறியள் இல்லை. நான் புத்தகத்திலை என்னத்தை எழுதுறது?"

படலைக்கு வெளியே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வெள்ளைப் பருத்திச் சேலை, நெற்றியில் திருநீறு. மார்போடு அணைத்தபடி ஒரு துணிப்பை. அந்தப் பை நடுங்கிக்கொண்டிருந்ததைத் தர்சிகா கவனித்தாள். பிறகுதான் நடுங்குவது பை அல்ல, கை என்று தெரிந்தது.

"அன்ரி, உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. இண்டைக்கு விரதம்."

"சீனி வருத்தம் இருக்கோ?"

"ஓம்."

"காலமை குளிசை போட்டனீங்களோ?"

"போட்டனான்."

"சாப்பிடாமலோ?"

"காகம் சாப்பிடாமல் நான் எப்பிடியம்மா சாப்பிடுறது?"

அவள் பெயர் உதயகலா. தொண்டைமானாற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தகப்பன் முப்பது வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். போன மார்கழியில் காலமானார். உடம்பை மருத்துவபீடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையொப்பம் வைத்திருந்தார். அப்படியே கொடுத்தாயிற்று. எரிக்கவில்லை. சாம்பல் இல்லை. கீரிமலைக் கடலில் கரைக்க ஒன்றும் இல்லை.

"தம்பிக்குச் சரியான கோவம். கொள்ளி வைக்க விடாத மனிசனுக்கு என்ன எள்ளுத் தண்ணி எண்டு போட்டு இண்டைக்குக் கீரிமலைக்கும் போகேல்லை. நான் சமைச்சனான். வீட்டிலை வைச்சுப் பாத்தன், ஒரு காகமும் வரேல்லைப் பிள்ளை. அப்பா அங்கை இல்லைத்தானே. இஞ்சையல்லோ இருக்கிறார். அதுதான் இஞ்சை கொண்டந்தனான்."

காவலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தர்சிகாவைப் பார்த்தார். வருகைப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"உங்களைப் பாக்க வந்தவ எண்டு உங்கடை பேரை எழுதுங்கோ, தங்கச்சி. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

*

உடற்கூற்று மண்டபத்தின் பின்சுவரும் கன்ரீனின் பின்சுவரும் எதிர் எதிர். நடுவில் ஒரு வேப்பமரம். உதயகலா மரத்தடிக் குந்துக்கட்டில் வாழையிலையை விரித்தாள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, காத்தோட்டிக்காய், ஒரு வடை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"கா... கா..."

வேம்பின் உச்சியில் மூன்று காகங்கள் இருந்தன. தலையைச் சரித்துப் பார்த்தன. வரவில்லை.

உதயகலா மறுபடியும் கூப்பிட்டாள். அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது. இன்னும் பத்து நிமிடத்தில் சாப்பிடாவிட்டால் இவ விழுந்துவிடுவா என்று தர்சிகாவுக்குப் பட்டது. சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடமாட்டா என்பதும் தெரிந்தது. தன் வீட்டிலும் இப்படித்தானே.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ" என்றாள் றொசாந்தி. "நான் வேதம், மாதா கோயிலுக்குப் போற ஆள். உங்கடை முறை எனக்குத் தெரியாது. ஆனா காகத்தை எனக்குத் தெரியும். எங்கடை வளவிலை கருவாடு காயப்போட்டா நாள் முழுக்கக் காகத்தோடைதான் சண்டை. நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டா அது வராது. முகத்தைத் திருப்பினாத்தான் வரும்."

"திருப்புறதோ?"

"மூண்டு பேரும். திரும்பியும் பாக்கக்கூடாது."

மூவரும் மண்டபத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வெயில் சுவரில் பட்டு முகத்தில் அடித்தது. பின்னால் இறகு அடிக்கும் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று. இலை சரசரத்தது.

"திரும்பாதேங்கோ" என்றாள் றொசாந்தி மெதுவாக. "முதலிலை வடையைத்தான் தூக்கும் கள்ளன்."

திரும்பியபோது வடை இல்லை. சோறு குழம்பிக் கிடந்தது. உதயகலா குந்துக்கட்டில் அப்படியே இருந்துவிட்டாள். அழுதாள் என்றும் சொல்ல முடியாது, சிரித்தாள் என்றும் சொல்ல முடியாது.

தர்சிகா அவள் கையைக் கழுவிவிட்டு, துணிப்பையிலிருந்த சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து கொடுத்தாள். நாலு வாய் சாப்பிட்டதும் நடுக்கம் குறைந்தது. உதயகலா பாத்திரத்தை இருவர் பக்கமும் நீட்டினாள்.

"எனக்கும் தரலாமோ அன்ரி?" என்று றொசாந்தி தயங்கினாள்.

"காத்தோட்டிக்காய்க் கைப்பைத் தாங்குவியோ? அதுதான் எனக்குப் பயம்."

றொசாந்தி ஒரு துண்டை வாயில் போட்டாள். கண்கள் இரண்டும் இறுகின. "மாதாவே! உங்கடை ஆக்கள் செத்த பிறகும் இதைத்தான் கேப்பினமோ?"

உதயகலா வாய்விட்டுச் சிரித்தாள். தர்சிகா மூன்று வாய் சாப்பிட்டாள். பிறகு இன்னும் இரண்டு. பசித்தது. ஐந்து கிழமைக்குப் பிறகு பசித்தது.

"அப்பா ஏன் அன்ரி அப்பிடி எழுதி வைச்சவர்?"

"முழங்கால் நோ, பிள்ளை. சைக்கிள் மிரிச்சு மிரிச்சு வந்தது. எத்தினை டொக்குத்தரிட்டைப் போனாலும் மாறேல்லை. 'இவங்கள் ஒருத்தனும் உள்ளுக்கை பாக்கேல்லை. படிக்கிற பிள்ளையள் எண்டாலும் பாக்கட்டும்' எண்டு சொல்லுவார். நாங்கள் பகிடி எண்டுதான் நினைச்சம்."

அவள் பாத்திரத்தை மூடினாள். மூடியின்மேல் கையை வைத்தபடி, இரண்டு பஸ் ஏறி எதைக் கேட்க வந்தாளோ அதைக் கேட்டாள்.

"அப்பாவாலை உங்களுக்குப் பிரயோசனம் இருக்கோ, பிள்ளை? சும்மா போட்டு வைக்கேல்லைத்தானே?"

தர்சிகா ஐந்து கிழமையாக ஒரு புத்தகத்துக்குப் பின்னால் நின்றவள். கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"ஓம் அன்ரி. ஒவ்வொரு நாளும் படிக்கிறம்."

"நீயுமோ?"

"ஓம். நானும்."

உதயகலா பெருமூச்சு விட்டாள். போகும்போது ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவரின்ரை வலக்கைச் சின்னிவிரல் வளைஞ்சிருக்கும். வல்லையிலை நாய் கடிச்சது. அதைக் கண்டியெண்டால்..."

"அன்ரி, நாங்கள் அப்பிடிப் பாக்கக்கூடாது. ஆர் எண்டு தேடக்கூடாது எண்டு முதல் நாளே சொன்னவை."

"ஓமோ? அப்ப வேண்டாம். மறந்திடு" என்றாள் உதயகலா. சொன்னதை எப்படி மறப்பது?

*

ஒரு மணி அடிக்கச் சற்று முன் குணலட்சுமி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா வந்திட்டார். காகமும் வந்து சாப்பிட்டிட்டுது. நீ சாப்பிட்டியே?"

"சாப்பிட்டன் அம்மா. காத்தோட்டிக்காயோடை."

"கன்ரீனிலையோ?"

தர்சிகா நடந்ததைச் சொன்னாள். பிறகு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மகளுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இதுவரை தகப்பனையே சொல்லிவந்தோம். அதில் ஒரு பங்கு தாய்க்கும் உண்டுபோலும்.

"காடாத்தும் இல்லையோ?"

"எரிச்ச சாம்பல் இருந்தாத்தானே அம்மா காடாத்து."

"அந்தியேட்டி? முப்பத்தோராம் நாள் கிரியை?"

"தெரியாது. கேக்கேல்லை."

"படிச்சு முடிய அந்த ஆக்களை என்ன செய்வினம்? பறைஞ்சவையோ? ஆரும் விளக்கு ஏத்துவினமோ?"

"கேட்டுச் சொல்லுறன் அம்மா."

"கேள். வடிவாக் கேள்." குரல் கொஞ்சம் தணிந்தது. "அந்த மனிசி காத்தோட்டிக்காயைப் பொரிச்சதோ, கறி வைச்சதோ?"

"பொரிச்சுத்தான் கறி வைச்சவ."

"அதுதான் முறை. பின்னேரம் கிணத்தடியிலை வாளி இருக்கும். இண்டைக்குச் சுடுதண்ணி கலந்து வைக்கிறன். காத்துக் குளிராயிருக்கு."

ஆடிக் காற்றில் குளிர் எங்கே இருக்கிறது என்று தர்சிகா கேட்கவில்லை. அம்மாவின் நியமம் அம்மாவுக்கு. ஆனால் தண்ணீர் சூடாக இருக்கும்.

"இன்னொண்டு. அப்பா அந்தக் கடிதத்தை எடுத்துச் சேட்டுப் பையுக்கை வைச்சிட்டார். நாளைக்கு வெள்ளன உன்னோடை வாறாராம்."

"சரி அம்மா" என்றாள். வேறெதையும் சொல்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

*

மண்டபப் பணியாளர் செந்தூரன் அண்ணை கதவைத் திறந்துவிட்டுப் பின்பக்கத் தொட்டியைக் கழுவப் போயிருந்தார். வகுப்புக்கு இன்னும் கால் மணி நேரம். ஆறு மேசைகள். அவற்றில் கிடப்பவர்களில் ஆண்கள் நாலு பேர். போர்மலின் வாடை கண்ணைக் கரித்தது.

தர்சிகா கையுறையை மாட்டினாள். நாலாம் மேசையின் கால்மாட்டில் இருந்த முக்காலியில் மஞ்சள் படிந்த புத்தகத்தை மூடி வைத்தாள். மூடிய புத்தகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றி வலப்பக்கம் போனாள்.

போர்வையை முழங்கை வரைக்கும் விலக்கினாள். வலக்கை துணியால் சுற்றிக் கட்டியிருந்தது. கை விரல்கள் காய்ந்துபோகாமல் இருக்க அப்படிக் கட்டி வைப்பது வழக்கம். வருகிற செவ்வாய்க்கிழமை கைப் பகுதி தொடங்கும்போதுதான் அவிழ்ப்பார்கள். மணிக்கட்டில் இருந்த முடிச்சு பாதி தளர்ந்து கிடந்தது. ஒரு விரலால் இழுத்தால் போதும். சின்னிவிரல் தெரிந்துவிடும்.

அவள் விரல் முடிச்சு வரைக்கும் போயிற்று.

நின்றது. பிறகு முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

"ஐயா" என்றாள், தனக்கே கேட்காத குரலில். "வந்தது உங்கடை மகளோ, இன்னொராளின்ரை மகளோ தெரியாது. ஒவ்வொரு நாளும் படிக்கிறம் எண்டு சொல்லிப்போட்டன்."

துணியோடு சேர்த்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்தாள். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. கையை விடவில்லை.

மணிக்கட்டில் எட்டு எலும்புகள். புத்தகத்தில் அவள் நூறு முறை வாசித்தவை. கட்டைவிரல் பக்கமிருந்து துணிக்கு மேலாலே தடவித் தேடினாள். ஒன்று. இரண்டு. மூன்றில் தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினாள். ஐந்தில் தவறியது. மறுபடியும். கண்ணை மூடவில்லை. கடைசியில் சின்னிவிரல் பக்கத்தில், பயறளவில், தனியே துருத்திக்கொண்டு ஒரு எலும்பு விரலில் பட்டது. அழுத்தினாள். அது மெல்ல அசைந்தது.

"இது ஏன் தனிய நிக்குது?"

வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

வெளியே வேம்பில் காகம் ஒன்று கத்தியது. படியில் காலடிச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. தர்சிகா அந்தக் கையைப் பழைய இடத்தில் பதனமாக வைத்துப் போர்வையை இழுத்து மூடினாள்.

மற்ற ஐவரும் வந்து சேர்ந்தபோது கால்மாட்டு முக்காலியில் புத்தகம் தனியே கிடந்தது. வாசிக்கிறவள் அங்கே இல்லை. வலது தோளருகில் நின்றுகொண்டிருந்தாள்.